துக்க வீட்டுக்கு வந்த பொங்கல்

தை முதல் நாள், வெள்ளி

என் வீட்டுக்காரர் இறந்து வருடம் திரும்பாததால் எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. நான் வேலை பார்க்கும் பெரியகுளம் ஆபீசுக்கும் ஞாயிறு வரை லீவு. வேலை இருந்தால் பொழுதாவது போகும்.

மத்தியானத்துக்குள் தெருவே சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. அடுப்பு மேடையில் இடமில்லை. சர்க்கரை வியாதிக்காரர் கண்ணில் படாமல் இனிப்பை ஒளித்துவைத்தே பழகிய வீடு இது.

எதிர்வீட்டுச் செல்வி கிண்ணங்களைப் பார்த்தாள். "அண்ணே இருந்திருந்தா நமக்கு ஒரு வாய் மிச்சம் வச்சிருக்க மாட்டாக, மதினி" என்றவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ரெண்டு பேரும் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம்.

அவள் போனதும் ஒரு கிண்ணத்தை மூடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

காலையில் அது குறைந்திருக்காது.