காகிதத்தைப் பார்க்காதே என்று சொன்னவனுக்கு

இன்று காலை செங்கல் ஊருக்குப் போகும் சாலையில் ஓர் ஆட்டோ உற்சவ அறிவிப்புச் சொல்லிக்கொண்டு போயிற்று. உள்ளே டிரைவர் மட்டும்தான். பதிவு செய்த குரல் மூச்சுவிடாமல் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் அந்த இடத்தில் மைக்கோடு உட்கார்ந்திருந்தவன் நீ. உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எழுபது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். ஒரு பக்கம் முடிவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. ஆனாலும் எழுதியதைத் திரும்பப் பார்க்கும்போது, இத்தனையும் என் கை போட்டதா என்று கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வருகிறது.

முதியோர் வகுப்பில் தேறியவர்கள் சார்பில் மேடையில் ஐந்து நிமிடம் பேச டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்தார். பேச்சை நானே எழுதினேன். நான்கு நாள் ஆயிற்று. எழுதிவிட்டேன், ஆனால் மேடையில் நின்று பேசிப் பழக்கமில்லை. அதனால்தான் உன்னிடம் வந்தேன்.

நான் பால் வெட்டும் ரப்பர் தோட்டத்திலேயே பயிற்சி வைத்தாய். "மரத்தை பாத்து பேசுலே. மரம் கொட்டாவி விடாது. ஆளுவ விடுவினும்," என்றாய். நான் தொடங்கியதுமே, "என்னலே, கழுத்தை பிடிச்ச கோழி மாதிரி? சத்தம் வயித்திலேருந்து வரணும், கேட்டியா?" என்று என் வயிற்றில் குத்தினாய். நான் எழுதியதை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாய். மறுநாள் அதை ஒரு சொல் பிசகாமல் எனக்கே சொன்னாய். நான் வாயைப் பிளந்தேன். நான் தலை குனிந்தபோதெல்லாம் காகிதத்தைப் பிடுங்கினாய். "காகிதத்தை பாத்து பேசுதவன் பேச்சுக்காரன் இல்ல மக்கா, போஸ்ட்மேனாக்கும்."

நீ சொன்னபடியே செய்தேன். மடித்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே முழுவதும் பேசினேன். நல்ல கைதட்டல். பிறகு விருந்தினராக வந்தவர் மைக்கை வாங்கி, "அப்பூப்பனுக்கு இந்த வயசிலும் என்ன ஓர்மை, ஒரு சொல் மறக்கல்ல பாருங்க! எழுதிக் கொடுத்த டீச்சருக்கும் ஒரு கைதட்டு," என்றார். சபை மறுபடி தட்டியது. 'நான் எழுதியது, நான் எழுதியது' என்று கத்தினேன். மைக் அவர் கையில் இருந்தது.

நேரே உன் வீட்டுக்கு வந்து காகிதத்தை உன் மடியில் எறிந்தேன். "படிலே! இதிலே எது டீச்சர் எழுதினது, காட்டு!"

நீ அதைத் தொடவில்லை. "எனக்கு தெரிஞ்சதைத்தானே மக்கா உனக்கு சொல்லித் தர முடியும்," என்றாய்.

"என்ன தெரியும் உனக்கு?"

"பாக்காம பேசத் தெரியும். பாத்தா ஒண்ணும் தெரியாது. நோட்டீசை எல்லாம் சாயாக்கடையிலே ஆரையாவது படிக்கச் சொல்லி, கேட்டு வச்சதாக்கும்."

எனக்குக் கோபம் தணியவில்லை, இரண்டு மடங்காயிற்று. நான் புத்தகப் பையோடு போனபோது, "கிழவன் பள்ளிக்கூடம் போறான்" என்று சாயாக்கடையில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவன் நீ. நாளைக்கே வகுப்புக்கு வா என்றேன். ஊர் சிரிக்கும் என்றாய். "சிரிக்கட்டும். எனக்கு நீயே சிரிச்சியே, நான் செத்தா போனேன்?" என்று கேட்டேன். "உற்சவ சீசன் முடியட்டும், வாறேன்," என்றாய். சீசன் முடிந்தது. மழை தொடங்கிய வாரம் நெஞ்சுவலி வந்து நீயும் போய்விட்டாய்.

உனக்கு வாசகசாலையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நீ படிக்காத புத்தகம் இல்லை என்று ஒருவர் பேசினார். பற்களைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் முறை வந்தது. இந்தத் தடவை காகிதத்தை விரித்து, வரிக்குக் கீழே விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். இருமினார்கள். நான் அவசரப்படவில்லை. இரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: 'இவனுக்கு எழுத்துத் தெரியாது. ஊர் சிரிக்கும் என்று பயந்தே கடைசிவரை மறைத்தான். அந்த ஊர் நாம்தான்.'

அந்த வரிக்கு வந்ததும் விரல் நின்றது. முன்வரிசையில் உன் வீட்டுக்காரி தலை குனிந்து இருந்தாள். நான் தலையை நிமிர்த்தினேன். காகிதத்தை மடித்துவிட்டு, வெள்ளத்தில் ஆறு கரைபுரண்ட அன்று நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று கூவிக் கூவி ஆட்களை மேட்டில் ஏற்றியதை, வயிற்றிலிருந்து சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஒருவர் என் கையைப் பிடித்து, "பாக்காம பேசினீரே, அதாக்கும் பேச்சு," என்றார். அறைந்துவிடலாம் போல இருந்தது.

அந்தக் காகிதம் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. வாசிக்காமல் விட்ட வரியில் ஒரு பிழைகூட இல்லை. இரண்டு தடவை நானே பார்த்தேன். உன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதத் தெரியாமல் அல்ல, நீ மறைத்ததை வேறு யாரும் இதில் படித்துவிடக் கூடாது என்றுதான். அந்த வரியை நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி, தப்புத் தப்பாக வாசித்து, என்னோடு சண்டைக்கு வந்திருக்க வேண்டும். வகுப்பில் என் பெஞ்சில் பாதி இடம் காலியாகத்தானே கிடந்தது, ஏன்லே வரவில்லை?