முள் பார்க்கத் தெரியாத பெண்களை வீடு வீடாக அனுப்புவது பற்றி

அனுப்புநர்:
இ. வியாகுலம்மாள்,
க/பெ. இன்னாசிராஜ்,
கொள்ளிடக்கரை, ஸ்ரீரங்கம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: சுகாதாரப் பணிப் பெண்களின் பயிற்சிக்கு அரசுப் பணம் உடனே வழங்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. என் மூத்த மகள் ரோசரி சித்திரையில், தலைப்பிரசவத்துக்கு முன்பே வலிப்பு வந்து இறந்துபோனாள். பிள்ளையும் போய்விட்டது. இவ்வளவு ரத்தக்கொதிப்பை வைத்துக்கொண்டு இதுவரை எங்கே இருந்தீர்கள் என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

2. நாங்கள் சும்மா இருக்கவில்லை ஐயா. எங்கள் பக்கத்துச் சுகாதாரப் பெண் வள்ளிக்கண்ணு வாரம் தவறாமல் வந்தாள். கையில் பட்டையைச் சுற்றி, பந்தை அமுக்கி, காதில் குழாய் வைத்து, வட்டத்துக்குள் ஆடும் முள்ளைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பாள். கால் வீங்கியபோதும், தலைவலி என்று ரோசரி படுத்தபோதும் அதையேதான் சொன்னாள். மிஷினே வீடு தேடி வருகிறதே, டவுனுக்கு எதற்கு அலைய வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

3. அடக்கம் முடிந்த பிறகு வள்ளிக்கண்ணு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். "அந்த முள் எங்க நின்னா நல்லது, எங்க நின்னா கெட்டதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலைம்மா" என்றாள். பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் வேறு என்ன சொல்வது என்று அழுதாள்.

4. உதவித்தொகையோடு ஒன்றரை வருஷம் நடக்க வேண்டிய பயிற்சியாம். பணம் வராததால் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. ஆள் இல்லாத இடங்களுக்கு அந்தப் பெண்களையே வெள்ளைச் சேலையும் பெட்டியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சுகாதார ஆபீசில் போய்க் கேட்டேன். ஆமாம்மா, நிதி வந்ததும் சரியாகிவிடும் என்றார் அங்கே இருந்தவர். பஸ் வர நேரமாகும் என்பது போலச் சொன்னார். இதை எல்லோரும் தெரிந்துதான் செய்தார்களா ஐயா? எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

5. வள்ளிக்கண்ணுவை லால்குடிப் பக்கம் மாற்றிவிட்டு வேறொரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். அவளும் அதே பயிற்சியில் இருந்தவள். என் இளைய மகள் பேட்ரிசியாவுக்கு இது ஏழாம் மாதம். நேற்று அந்தப் புதுப் பெண் பேட்ரிசியாவின் கையில் பட்டையைச் சுற்றினாள். முள் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன். பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

இந்தப் பெண்களை வேலையை விட்டு எடுக்க நான் கேட்கவில்லை. அடுத்து வருபவளுக்கும் தெரியாதுதானே. பணம் கொடுத்து அவர்களைப் படிக்க வையுங்கள். அதுவரை படித்தவர் ஒருவரை எங்கள் பக்கம் அனுப்புங்கள். பேட்ரிசியாவுக்கு ஆவணியில் நாள். அதற்குள் உத்தரவு போட வேண்டும்.

கும்பிட்டுக் கேட்டுக்கொள்ளும்,
இ. வியாகுலம்மாள்

ஸ்ரீரங்கம்,
14.6.1983