ஆறு எலுமிச்சம்பழமும் ஓர் அறையும்

என் பிரியமுள்ள என்னங்கவுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எலுமிச்சம்பழம் ஆறு என்று முடிவு செய்தேன். நம் ஜீப்புக்கு நான்கு, பின்னால் இழுத்து வரும் வண்டிக்கு இரண்டு. முக்கியமான விஷயம் என்பதால் முதலில் உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

எந்த வண்டி என்பீர்கள். நீங்கள் போன பதினாறாம் நாள், நம் அறை உங்கள் தம்பிக்கு என்றும், பின்கட்டில் நெல் மூட்டை வைக்கும் அறை எனக்கு என்றும் தீர்மானமாயிற்று. மூட்டைகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. என்னிடமும்தான். அதனால் உளுந்தூர்பேட்டையில் ஒரு கொட்டகையில் நின்றிருந்த பழைய கேரவனை வாங்கிவிட்டேன். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, மூன்று ஜன்னல். என் பேரில் இருக்கும் களத்தில் நிறுத்தினால் யார் கேட்பது?

இன்று அதை வீட்டுக்கு இழுத்து வரும் நாள். பூசைக்கு உங்கள் தம்பி தன் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். பொட்டு நான் வைக்கக் கூடாதாம். அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி மனதார வைத்தாள்.

பிறகு மெக்கானிக் டயருக்குக் காற்று பிடித்தார், சக்கர போல்ட்டுகளை முறுக்கினார், ஜீப்போடு கொக்கியை மாட்டிச் சங்கிலியும் போட்டார். நான் ஜீப்பின் விளக்கைப் போட்டேன். கேரவனின் பின்விளக்கு எரியவில்லை. ஒரு மணி நேரம் ஒயரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

"பாத்தீங்களா அண்ணி, சகுனமே சரியில்ல," என்றார் உங்கள் தம்பி.

மெக்கானிக் விளக்கை விரலால் சுரண்டினார். "இன்னாம்மா இது, கண்ணாடி மேல அரைப்படி சந்தனம்! உள்ள லைட்டு எரிஞ்சிக்கினுதான் இருக்குது."

நான் முந்தானையால் துடைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

உங்கள் தம்பி விடவில்லை. "வண்டி மொத மொதல்ல வூட்டுக்கு வருது. நீங்க முன்னால உக்காந்துகினு வந்தா ஊரு இன்னா சொல்லும்? சாவியக் குடுத்துட்டு பஸ்ல வந்துடுங்க."

"ஊரு ஒண்ணும் சொல்லாது தம்பி, வழி வுடும். வண்டி நீளம் ஜாஸ்தி."

"நீங்க ஓட்டினா நாங்க ஏறமாட்டோம்."

'நாங்க'வில் தன்னைச் சேர்த்தது அவர் மனைவிக்குப் பிடிக்கவில்லை போலும். சந்தனக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "போலாங்க்கா. வெயிலு ஏறுது."

ஆறு பழங்களையும் நானே சக்கரங்களுக்கு அடியில் வைத்தேன். ஆறும் நசுங்கின.

கல்வராயன் மலையில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? ஒவ்வொரு முறையும் அறுவடை முடியட்டும் என்றீர்கள். எந்த அறுவடை என்று நான்தான் கேட்காமல் விட்டேன். வரும் பௌர்ணமிக்குப் போகிறேன். மேலே போனதும் இரண்டு டம்ளர் டீ போடுவேன், இரண்டையும் நானே குடிப்பேன். எனக்கு எந்த அறை என்று இனி யாரும் சொல்லக் கேட்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் தம்பி கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, நம் கச்சிராயபாளையத்துக்கு எங்களுக்கு இரண்டு மணி நேரம் பின்னால் வந்து சேர்ந்தார்.

இப்படிக்கு,
களத்து வீட்டிலிருந்து உங்கள் மனைவி