கண்ணாடி டாக்டரம்மா எதில் பெயில்?

அப்பா,

இன்று காலை ஹாஸ்டல் படியிறங்கும்போது உங்கள் ஹார்ன் சத்தம் கேட்டது. ரப்பர் உருண்டையை அமுக்கினால் வரும் அதே பாம் பாம். இப்போது உங்கள் இட்லி சைக்கிளைச் சித்தப்பா ஓட்டுகிறார், தாராவியிலிருந்து அதே ஆஸ்பத்திரி வாசலுக்கு. இட்லிப் பாத்திரத்தைத் திறந்ததும் எழுகிற ஆவியில் இன்னும் உங்கள் சட்டை வாசனைதான். ஆள் போன பிறகு வாசனை மட்டும் எதற்காக வேலைக்கு வருகிறது?

பி.எஸ்ஸி. முதல் வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. நீட்டில் மார்க் போதாமல் செம்பூரில் ஒரு காலேஜில் சேர்ந்தேன். அங்கே கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் ஏ.டி.கே.டி. பெயிலான பேப்பரைப் பிறகு எழுதிக்கொள், இப்போதைக்கு அடுத்த வகுப்புக்குப் போ என்பதற்கு மும்பை வைத்திருக்கும் பெயர் அது. காலேஜிலேயே பெயிலானவளை மெடிக்கலில் யார் சேர்ப்பார்கள் என்று நம் சாலின் வரிசை வீடுகள் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பி, மூலையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் சமாதானம் சொல்லவில்லை.

"யாருட்டி சொன்னா? கேட்டுப் பாத்தியா?" என்றீர்கள்.

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது. சிக்னலில் நிற்கும் டேங்கர்காரரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரிப்பவர் நீங்கள். மறுநாளிலிருந்து இட்லி தின்ன வருகிற டாக்டர்களிடம், சட்னியை ஊற்றிக்கொண்டே, உங்கள் பம்பாய் இந்தியில் ஆரம்பித்தீர்கள்: படிப்பில் எதிலாவது பெயிலானதுண்டா? முதலில் வந்த சேதி உருப்படியானது. பி.எஸ்ஸி. மார்க்கை யாரும் பார்ப்பதில்லை, பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதும் நீட்டில் வாங்குவதும்தான் கணக்கு. அதோடு விட்டீர்களா? மத்தியானம் வீடு திரும்பும்போதெல்லாம் ஒரு பெயில் கதை வந்தது. எலும்பு டாக்டர் பிசிக்ஸில் போனவர். குழந்தை டாக்டர் நுழைவுத் தேர்வில் விழுந்து எழுந்தவர். எனக்கும் ருசி கண்டுவிட்டது. காலிப் பாத்திரத்தைக் கையில் வாங்கும் முன்பே, இன்றைக்கு யார் என்று கேட்பேன்.

ஒருநாள் சொன்னீர்கள்: "கண்ணாடி போட்ட டாக்டரம்மா இருக்காவல்லா, அவியளும் கெமிஸ்ட்ரில பெயிலாம். பெறவு ஒனக்கு என்னட்டி?"

அன்றைக்குத்தான் மறுபடி நீட்டுக்கு விண்ணப்பம் போட்டேன். ரிசல்ட் வரும் முன்பே நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. நீங்கள் இட்லி விற்ற அதே ஆஸ்பத்திரியின் காலேஜில் சீட் கிடைத்ததைச் சொல்ல நீங்கள் இல்லாதது எனக்கு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது.

அந்த டாக்டரம்மா வெளியூரில் மேல்படிப்பு முடித்து இங்கேயே திரும்பியிருக்கிறார். இன்று சைக்கிள் அருகில் பார்த்தேன். நான் உங்கள் மகள் என்று சித்தப்பா சொன்னதும், கெமிஸ்ட்ரி எந்த வருஷம் போயிற்று என்று ஆவலோடு கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். எதிலும் பெயிலானதே இல்லையாம். உங்களிடமும் அப்படித்தான் சொன்னாராம். நீங்கள் கரண்டியைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்துவிட்டு, என் மகளிடம் மட்டும் உங்களைக் கெமிஸ்ட்ரியில் பெயிலாக்கிக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டீர்களாம். தாராளமாக என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் சட்னி வாங்கிக்கொண்டாராம்.

அப்படியானால் எலும்பு டாக்டர்? குழந்தை டாக்டர்? யார் தாமாக விழுந்தவர்கள், யாரை நீங்கள் தள்ளிவிட்டீர்கள்? வகுப்பில் உட்கார்ந்தும் இதே யோசனைதான். ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்காமல் விடமாட்டேன். கேட்கிற பழக்கம் உங்களிடமிருந்து வந்தது.

மத்தியானம் முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி லேப் வாசலில் அழுதுகொண்டு நின்றாள். அனாட்டமியில் போய்விட்டதாம், படிப்பை விட்டுவிடப் போகிறாளாம். பக்கத்தில் உட்கார்ந்து என் ஏ.டி.கே.டி. கதையைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சச்சி, தீதி?" என்று கேட்டாள், நிஜமாகவா அக்கா என்று.

நிஜம்தான் என்றேன். உங்கள் பெயில் டாக்டர்களில் என்னைப் பற்றியாவது நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை, அப்பா.