மேல்காட்டு அதலைக்காய்

அண்ணே, இன்று காலை மதினி திருச்சுழி பஸ்ஸில் வந்து ஒரு பை அதலைக்காயைச் சமையல்கட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். "மழை பேஞ்சதும் மேல்காடு பூரா கொடி ஓடிக் கெடக்கு தம்பி. அவுக இருந்தா கொண்டாந்திருப்பாகள்ல" என்றார்கள். பையைப் பிரித்ததும் அந்தப் பச்சைக் கசப்பு வாடை அடித்தது. நீயே வந்து நிற்பது போலிருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

குட்டிப் பாகல் மாதிரி, விதைக்காமல் முளைக்கும் காய். அதுவும் உன் பங்கு நிலமான மேல்காட்டில்தான் முளைக்கும். என் கீழ்க்காடு வெள்ளை பூத்த களர். அதைச் சொல்லிக் காட்டத்தான் வருடா வருடம் பையோடு வருகிறாய் என்று நினைப்பேன்.

பாகம் பிரித்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். வரப்பில் நின்று, "மேல்காட்ட எடுத்துக்கலே, நல்ல மண்ணு" என்றாய். நல்லதை எவன் விட்டுக் கொடுப்பான்? "எனக்குக் கீழ்க்காடு போதும்" என்றேன். "நீ யாரத்தான்லே நம்புவ?" என்று சிரித்தாய். நீ சொல்வதற்கு நேர்மாறாகத்தான் செய்வேன் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறாய். அன்றிலிருந்து அப்படித்தான் நினைத்து வந்திருக்கிறேன்.

சமையலிலும் அதே கதைதான். என் அடுப்படியில் நின்றுகொண்டு, "காம்பையும் வாலையும் கிள்ளுனாப் போதும், கத்திய வைக்காத. நல்லெண்ணெயில சுருங்குற மட்டும் வதக்கு. பெறகுதான் புளி. கருப்பட்டி போட்றாதலே" என்பாய். ஊரே கருப்பட்டி போடும்போது இவன் மட்டும் ஏன் வேண்டாமென்கிறான்? காயைக் கீறி விதையெடுத்து, கருப்பட்டியும் தட்டிப் போடுவேன். குழம்பு கசப்பிலும் சேராது, இனிப்பிலும் சேராது. எதையோ சொல்லாமல் மறைத்துவிட்டாய் என்று அதற்கும் உன்னையே திட்டுவேன்.

இன்று நீ சொன்னபடியே செய்தேன். பாசத்தால் அல்ல, நீ சொன்னது பொய் என்று தெரிந்துகொள்ள. மல்லி, மிளகாய்வற்றல், சீரகம் வறுத்து அரைத்தேன். வெங்காயமும் பூண்டும் வதங்கியபின் காயை முழுசாகப் போட்டு, தோல் சுருங்கிக் கருக்கும்வரை காத்திருந்தேன். அதன்பிறகுதான் புளி ஊற்றினேன். எண்ணெய் பிரிந்ததும் இறக்கிச் சோற்றில் பிசைந்தேன். கசப்பு நாக்கில் ஒரு கணம் நின்றது, பிறகு உறைப்போடு சேர்ந்து இறங்கிவிட்டது. இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டேன்.

"வாசம் தெருமுக்கு வரைக்கும் வருது. யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி.

"அண்ணன்."

"அவுகதான் வருசா வருசம் சொன்னாகளே" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

குழம்பில் நீ என்னை ஏமாற்றவில்லை. அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் காட்டு விஷயத்திலும் நேராகத்தான் பேசினாய் என்று ஆகிவிடாது. ஆனால் இரண்டையும் சொன்னது ஒரே வாய். இத்தனை வருடக் கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். சட்டியில் குழம்பு மிச்சமிருக்கிறது. நாளைக்கு இன்னும் நன்றாக ஊறியிருக்கும். சாப்பிட்டுவிட்டு யோசிக்கிறேன்.