உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி

பத்து நாளைக்கு முன்னால் உன் கைக்கடிகாரம் மறுபடியும் என் மேசைக்கு வந்தது. துணி விரித்த தட்டில் அதைக் கவிழ்த்து வைத்ததும் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. எஃகுச் சங்கிலியின் கண்ணிகளுக்கு நடுவே கறுப்பாக அடைந்து கிடந்த அழுக்கில் உன் தேங்காய் எண்ணெயும் பவுடரும் இன்னும் வாசனை அடித்தன. எந்தச் சங்கிலி வந்தாலும் அந்த அழுக்கைக் கழுவுவதுதான் எங்களுக்கு முதல் வேலை. நான் கழுவவில்லை. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொண்டு வந்தவள் உன் மகள். வரும் திங்கட்கிழமை களமசேரி நகரசபையில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொன்னாள். உன்னைப் போலவே அரசாங்க வேலை, அதுவும் லைசென்ஸ் பிரிவு. சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பதற்றம்தான் அதிகம் இருந்தது.

"சித்தி, இந்தச் சங்கிலில நடுவரிசை ரொம்ப மின்னுது. அந்த மினுக்கத்த எடுத்துட்டு மேட் ஆக்கித் தாங்க. அம்மாக்கு ஒரு வாட்டி செஞ்சு கொடுத்தீங்களே, அது மாதிரி."

எதற்கு என்று கேட்டேன்.

"அம்மாக்கு வந்த பேரு எனக்கு வர வேண்டாம்" என்றாள். பிறகு கவுண்டர் மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "ரொம்ப நாளா மனசுல இருக்கு சித்தி. அம்மா கை சுத்தம்னா, பின்ன ஏன் அத மறைச்சா?"

பன்னிரண்டு வருஷமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்பவள் உன் மகளாக இருப்பாள் என்று நினைக்கவே இல்லை. உன் மேல் விசாரணை நடந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள், இவள் அதை உன்னிடம் கேட்காமலே வளர்ந்திருக்கிறாள். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனி அவள் யாரைக் கேட்பாள்? "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழாயடியில் நின்றேன். பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. ஏற்கெனவே சொன்ன பொய், இன்னொரு தடவை சொன்னால் போதும்.

அந்தக் கடிகாரம் உன் தம்பி தோஹாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது. அவன் வந்து இறங்கிய மறுநாளே அதைக் கட்டிக்கொண்டு பாலம் தாண்டி எறணாகுளத்துக்கு என்னைப் பார்க்க ஓடி வந்தாய். நான் வேலை பார்ப்பது விலை உயர்ந்த கடிகாரங்களைப் பழுது பார்க்கும் இடம், ஆனாலும் அப்படியொன்றை நமக்குத் தெரிந்த ஒருத்தி கையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. சங்கிலியின் இரண்டு ஓரமும் மெல்லிய கோடு போட்ட மாதிரி மங்கலாக, நடுவரிசை மட்டும் கண்ணாடியாக மின்னியது. "நான் படிக்க வச்ச பய, பாத்தியாடீ" என்று மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினாய். நானும் சிரித்தேன். ஆனாலும் உன் முந்தானையை இழுத்து அதன் மேல் போட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். நம் அம்மாக்கள் இரண்டு பேரும் கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் தெருவைப் பெருக்கியவர்கள். நகரசபை லைன் வீடுகளில் உன் கதவும் என் கதவும் அடுத்தடுத்து. அந்த லைனிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போன முதல் ஆள் நீ. எந்தக் கிடங்கு வாசலில் உன் அம்மா மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டு நின்றாளோ, அந்தக் கிடங்குக்காரர்கள் லைசென்ஸ் புதுப்பிக்க உன் மேசை முன்னால் நின்றார்கள். அதில் உனக்குப் பெருமை. எனக்குப் பயம். நம் வீட்டு ஆட்கள் கையில் ஏதாவது மின்னினால், அது எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்த ஓணத்துக்கு உன் அலுவலகத்தில் பூக்களம் போட்டபோது யாரோ எடுத்த படத்தைக் கொண்டு வந்து காட்டினாய். மஞ்சள் பூவை அள்ளி வைக்கும் உன் கை, அதில் பளீரென்று அந்த நடுவரிசை. படத்தைப் பார்த்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

"இங்க பாரு, இத அப்பிடியே கட்டிட்டு ஆபீஸ் போகாத. நடுவுல உள்ள மினுக்கத்த எடுத்துட்டா சாதா ஸ்டீல் வாட்ச் மாதிரி ஆயிரும். ஒருத்தன் கண்ணும் படாது."

"எடீ பயங்கொள்ளி" என்றாய். "என் தம்பி வெயில்ல காஞ்சு வாங்கினது. மின்னட்டுமே. நான் என்ன களவாண்டேனா?"

நீ விட்டுவிட்டாய், நான்தான் விடவில்லை. சாயா குடிக்கும்போதெல்லாம் அதையே நச்சரித்தேன். இப்போது உண்மையை எல்லாம் சொல்லிவிடுகிறேன், அதில் பயம் மட்டும் இல்லை. உன் கடிகாரத்தில் என் கை வேலை இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. கடைசியில் ஒரு நாள், "இந்தா, கொண்டு போய் என்னமோ செய்யி, உன் வாய் ஓயட்டும்" என்று கழற்றிக் கொடுத்தாய்.

எங்கள் இடத்தில் எந்த மாற்றம் செய்வதானாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நான் நிரப்பினேன். காரணம் எழுதும் இடத்தில் வழக்கமாக எழுதுவதையே எழுதினேன், உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி என்று. நீ வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாய். அதற்குப் பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நான் வேலை செய்வதைப் பார்த்தாய். சங்கிலியைத் தனியாகக் கழற்றி, இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டி, நடுவரிசையை மட்டும் வெளியே விட்டேன். தேய்க்கும் பட்டையை அதில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு. நடுவில் நின்றால் அந்த இடம் தழும்பாகிவிடும். நான்கைந்து இழுப்பில் கண்ணாடி போய்ச் சாம்பல் நிறம் வந்தது. நன்றாகத்தான் வந்தது. நீ பார்த்துவிட்டு, "செத்துப் போச்சுடீ" என்று மட்டும் சொன்னாய்.

மொட்டைக் கடிதம் போனது அதற்கு இரண்டு மாதம் கழித்து. இஞ்சிக் கிடங்குக்காரர் ஒருவர் லைசென்ஸுக்காக உனக்குக் கடிகாரம் கொடுத்தார் என்று. உன்னை வீட்டில் உட்கார வைத்தார்கள். தம்பியிடம் பில் கேட்டாய், அவன் அறை மாறியதில் எங்கேயோ போட்டிருந்தான், தேடிக்கொண்டிருந்தான். அதற்குள் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள், படிவத்தோடு வரச் சொல்லி.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தீர்கள். மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்பவர், சுவரோரம் ஒரு நாற்காலியில் நீ. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, வெறும் மணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தாய். மேசை மேல் உன் கடிகாரமும் அந்தப் பூக்களப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதிகாரி கடுகடுப்பானவர் இல்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. கடிகாரத்தை விரலால் தொட்டு மலையாளத்தில் கேட்டார்.

"ஈ திளக்கம் ஆரா களஞ்ஞது?"

மினுக்கத்தை எடுத்தது நான்தான் என்றேன்.

"ஆரு பறஞ்ஞிட்டா?"

யார் சொல்லி? அவ்வளவுதான் கேள்வி. கேட்டுவிட்டு அவரே மேலும் சொன்னார், மறைக்கச் சொல்லி வெளியாள் யாராவது யோசனை கொடுத்திருந்தால் அந்த ஆளின் பெயரும் அறிக்கையில் வரும், அவர் வேலை பார்க்கும் இடத்துக்கும் கடிதம் போகும் என்று. மிரட்டலாகச் சொல்லவில்லை, நடைமுறையைச் சொன்னார். அப்போது என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்திருந்தார். சுள்ளிக்கல்லில் இருந்த வாடகை வீட்டில் அடுப்பு எரிந்தது என் ஒருத்தி சம்பளத்தில். நான் உன் பக்கம் பார்க்கவில்லை. படிவத்தை மேசை மேல் நகர்த்தி வைத்தேன்.

"இவ கேட்டா சார். நான் செஞ்சேன்."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அதிகாரி உன்னைப் பார்த்து, சாட்சியிடம் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா, உனக்கு அந்த உரிமை உண்டு என்றார். அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று உனக்குத் தெரியுமா? மேலே ஓடிய மின்விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருந்தது, அது சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்று அடித்தது. நான் அதை எண்ணிக்கொண்டே இருந்தேன். நீ ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பூக்களப் படத்தை முதலில் பார்த்துப் பயந்தது யாரு செல்வி என்று கேட்டிருந்தால், அங்கேயே நான் உடைந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

"ஒன்னும் இல்ல சார்" என்றாய். "அவ சொன்னது சரிதான்."

பில் வந்தது. தம்பி முதலில் போனில் படம் அனுப்பினான், பிறகு அசலையே அனுப்பி வைத்தான். லஞ்சம் இல்லை என்று எழுதி உன்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அறிக்கையின் கடைசியில் ஒரு வரி நின்றுவிட்டது, கடிகாரத்தின் தோற்றத்தை மாற்றி மறைக்க முயன்றிருக்கிறார் என்று. அந்த வரி உன் கோப்பில் உன்னோடு கூடவே வந்தது. இரண்டு தடவை தலைமை எழுத்தர் பதவி உன்னைத் தாண்டி வேறு ஆளுக்குப் போனது. "எந்த நாற்காலில இருந்தா என்ன, ஃபேன் காத்து எல்லாத்துக்கும் ஒன்னுதான்" என்று என்னிடம் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையில் திரும்பச் சேர்ந்த வாரமே கடிகாரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். "பழையபடி மின்ன வை. பாக்கறவன் வயிறெரிஞ்சு சாகட்டும்" என்றாய். நான் படிவத்தை எடுத்து, பேனா மூடியைத் திறந்தேன். நீ கையை நீட்டி அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாய். "இந்த வாட்டி நானே எழுதிக்கறேன்" என்றாய். ஆயுசில் நீ என்னைக் குத்திக்காட்டியது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். மெருகேற்றினேன். மினுக்கம் திரும்பியது, ஆனால் அத்தனை தேய்ப்பில் ஓரங்கள் மழுங்கிவிட்டன. வெறும் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பத்து வருஷம். உன் வீட்டில் சாப்பிட்டேன், உன் மகள் பெரியவளானபோது பக்கத்தில் நின்றேன், நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் முழுக்க உன் தலைமாட்டில் இருந்தேன். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துப் போவேன். நீயோ, வைப்பின் தீவு மத்தி மீன் இப்போது என்ன விலை, என் வீட்டுக்காரர் நேராக நடக்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருப்பாய். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் நீ பேச்சை வேறு பக்கம் திருப்பினாய். தெரிந்தேதான் திருப்பினாய் என்று இப்போது நினைக்கிறேன்.

குழாயடியிலிருந்து வெளியே வந்தேன். உன் மகள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள், மேனேஜர் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பரவாயில்லை என்று ஆரம்பித்தேன்.

"அது உங்கம்மா யோசனை இல்ல. அவ மாட்டேன்னா. நான்தான் நச்சரிச்சுச் செய்ய வச்சேன். அப்பறம் விசாரணைல கேட்டப்ப, அவதான் கேட்டான்னு சொல்லிட்டேன். என் வேலை போயிரும்னு பயந்து சொன்னேன்."

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அம்மாக்கு இது தெரியுமா?"

"அவ அந்த ரூம்லதான் இருந்தா."

"இருந்துட்டு?"

"நான் சொன்னது சரிதான்னு சொன்னா."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. தட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டாள். உன் கைக்கு அளவாக இருந்த சங்கிலி அவளுடைய மெலிந்த கையில் முழங்கைப் பக்கம் நழுவியது. ஒரு கண்ணி எடுத்துத் தரட்டுமா என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்கு எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று பேசாமல் இருந்தேன்.

"அம்மா உங்கள விட்டுட்டா" என்றாள். "நான் விட மாட்டேன் சித்தி."

கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்ததை உன் தம்பி போன் செய்துதான் சொன்னான். அவள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நீ அன்றைக்கே என்னை ஏசியிருக்கலாம். லைன் வீட்டில் சின்ன வயதில் தலைமுடியைப் பிடித்து இழுப்பாயே, அப்படி இழுத்திருக்கலாம். நான் அழுதிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்போம், தீர்ந்திருக்கும். நீ ஒன்றும் கேட்காமல் சாயா ஆற்றிக் கொடுத்தாய். அதை ஒவ்வொரு தடவையும் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். இனி உன்னைப் பற்றி யார் வாய் திறந்தாலும் உன் மகளிடம் பதில் இருக்கிறது. என் பெயரையும் சேர்த்தே சொல்லட்டும். அவள் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். நீ கொடுத்ததைவிட அது தூக்குவதற்கு லேசாகத்தான் இருக்கிறது.