வீட்டுக்குப் போனவர்கள்

இன்று காலை கடையில் பினாயில் கேன் ஒன்று கவிழ்ந்துவிட்டது. அந்த நெடியில் உப்பளத்துத் தர்ம ஆஸ்பத்திரியின் கூட்ட அறை அப்படியே வந்து நின்றது. எதிர் நாற்காலியில் நீ.

சுனாமிக்கு மறுவருஷம் நம் இருவரையும் நிர்வாகக் குழுவில் போட்டார்கள். நான் கடைக்காரன், நீ ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன். ஆஸ்பத்திரி நன்றாக நடக்கிறதா என்று எதை வைத்து அளப்பது? நன்கொடை தருகிறவர்கள் கேட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும். கட்டில் நிறைந்திருந்தால் நல்ல ஆஸ்பத்திரி என்றேன் நான். வியாபாரி புத்தி.

"யோவ் முதலாளி, கடையில கூட்டம்னா யாவாரம். ஆஸ்பத்திரியில கூட்டம்னா ஊருக்கே சீக்குய்யா" என்றாய் நீ.

காத்திருக்கும் நேரத்தை அளக்கலாம் என்றார் செயலாளர். டோக்கனையே தாமதமாகக் கொடுத்தால் அதுவும் குறைந்துவிடுமே என்றாய். கடைசியில், வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்போம் என எல்லோரும் ஒத்துக்கொண்டோம். எண்ணுவது சுலபம். நீ மட்டும் விடவில்லை.

"எப்பிடிப் போனான்னு வேணாமா? நடந்து போனானா, தூக்கினு போனாங்களா? கொணமானாலும் வீட்டுக்கு, கைவிட்டாலும் வீட்டுக்குத்தான அனுப்புறோம்?"

வீடு வீடாகப் போய் விசாரிக்க ஆள் ஏது என்றார் செயலாளர். அதற்குள் டீ வந்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் நீயே அங்கே படுத்தாய். ஈரல் கெட்டுவிட்டது. "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்குங்கம்மா" என்று டாக்டர் உன் மனைவியிடம் சொன்னார். உன்னை வீட்டுக்கு ஏற்றிப்போன வேன் அரியாங்குப்பம் பாலத்தில் குலுங்கியபோது என் கையைப் பிடித்தாய்.

"முதலாளி, இந்த மாசம் நம்ம கணக்குல நல்லதா ஒண்ணு ஏறிச்சு பாரு."

சிரித்தது நீ மட்டும்தான். அந்த ஞாயிறு, மாதா கோயிலில் பூசை மணி அடிக்கும்போது போய்விட்டாய்.

அடுத்த கூட்டத்தில், வீட்டுக்குப் போனவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று செயலாளர் வாசித்தார். கைதட்டினார்கள். அதில் ஒருத்தர் கல்லறையில் இருக்கிறார் என்றேன். வேறு அளவு வைப்போம் என்று அன்றைக்குப் பேசினோம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கும் அலுத்துவிட்டதய்யா.

ஆனால் உன் கேள்வி என்னோடு ஒட்டிக்கொண்டது. இன்று தரையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது முத்தியால்பேட்டையிலிருந்து வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பிட்டாங்கண்ணா."

துடைப்பம் நின்றது.

"நடந்தாம்மா வந்தாரு?"

ஒரு மாதிரி பார்த்தாள்.

"நடந்துதாண்ணா. வந்ததும் வராததுமா காபியில சக்கர இல்லன்னு சண்ட."

இவரை உன் கணக்கில் ஏற்றிக்கொள்.